விளக்கெண்ணெய்ச் சட்டியில் அரித்த தங்கம்

1

மதினி போனில் கூப்பிட்டால் முதலில் சாப்பாட்டைக் கேட்பார், அடுத்து பிள்ளைகளைக் கேட்பார், கடைசியாகத் தாலியைக் கேட்பார். ஒரு வருடமாக இந்த வரிசை மாறவில்லை.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. காரைக்குடியில் இருக்கிறார். அவருக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுங்கும் நேரமும், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் ஓரத்தில் நான் ராத்திரிக்குக் குக்கர் வைக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். என் கணவர் போன சித்திரையில் இறந்துபோனார். ஊரில் நடந்திருந்தால் பதினாறாம் நாள் பெண்கள் கூடி உட்கார்ந்து என் தாலியை வாங்கியிருப்பார்கள். இங்கே வாங்குவதற்கு ஆள் இல்லை. அதனால் அது என் கழுத்திலேயே தங்கிவிட்டது.

"கழட்டுனியா இல்லையா?"

"இல்ல மதினி."

"பிள்ளைக பெறந்தநாளு போட்டோவுல கழுத்துல தொங்குது. நாலு பேரு பாத்துட்டு என்னையல்ல கேக்குறாக."

"கழட்டிருவோம் மதினி."

"நீயா எப்படிக் கழட்டுவ? அதுக்குன்னு முறை இருக்குல்ல. வருசத் தெவசத்துக்கு வாரீகள்ல, அதுக்கு மொத நாளு வச்சுக்கிருவோம். பொம்பளைக எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. ஒன் பெறந்த வீட்டுலயும் கோடி எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்."

கோடி என்பது புதுச் சேலை. தாலியை இழந்தவளுக்குப் பிறந்த வீடு கொடுக்கும் சேலை. சரி மதினி என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கினேன்.

தாலியைக் கழற்றுவதில் எனக்கு வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. பயம் வேறொன்றில். அன்றைக்கு என்னை நடுவில் உட்கார வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். எல்லோரும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அழ வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. அவர் போன நாளிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அதைப் போல எனக்கு மேலிருந்து கீழ்வரை இருக்கிறது. டிக்கெட் எடுத்தாயிற்று. இன்னும் சில வாரங்களில் ஊரில் நிற்பேன், வறண்ட கண்ணோடு.

2

பள்ளத்தூரில் என் சித்திக்குத் தாலி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. சித்தப்பா பஸ்ஸில் அடிபட்டுப் போனார். பதினாறாம் நாள் சித்திக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போல உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தாலியைக் கழற்றி ஒரு கிண்ணம் பாலில் போட்டார்கள். சுற்றிலும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சித்தி மட்டும் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊர் அதை விடவில்லை. சித்தி அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தாள். எது செய்தாலும், "அன்னைக்கே அழுகாதவதான" என்ற பேச்சு கூடவே வரும். அடுப்படியில் அவள் சிரித்தால்கூட வாசலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நானும் சிறுமியாக அந்தப் பேச்சைக் கேட்டு, சித்திக்கு நெஞ்சு கல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே அவரை எரித்தபோது அழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அடுத்த குடும்பம் வெளியே காரில் காத்திருந்தது. கோட் போட்ட பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலும் காகிதக் கைக்குட்டையும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். தண்ணீரைக் குடித்தேன். கைக்குட்டைப் பெட்டியைத் திறக்கவில்லை. என் மகன் ஒரு பொத்தானை அழுத்தினான். திரை மூடியது. வெளியே வந்தபோது பார்க்கிங் சீட்டின் நேரம் முடியாமலே இருந்தது.

3

நான் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறேன். வயதானவர்களுக்கு வாராந்திர மாத்திரை அட்டை தயார் செய்வது என் வேலை. திங்கள் காலை, திங்கள் மதியம், திங்கள் இரவு என்று குழி குழியாக இருக்கும். குழியில் மாத்திரையை இட்டு மேலே பசைத்தாளை ஒட்ட வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய அட்டையைப் பிரித்து மாத்திரையை எல்லாம் அழிக்கும் டப்பாவில் கொட்டுவோம். முன்பெல்லாம் கொட்டும்போது அந்தப் பெயரை ஒரு தடவை மனதில் சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை.

அவர் போன பிறகு மின்சாரக் கணக்கை என் பெயருக்கு மாற்றப் போன் செய்தேன். மறுமுனையில் ஒரு சின்னப் பெண். கணக்குக்கு உரியவர் பேசினால்தான் மாற்ற முடியும் என்றாள். அவர் எக்ஸ்பயர்ட் என்றேன். ஊரில் அப்படித்தானே சொல்வோம். எது காலாவதியானது, கார்டா என்று கேட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அந்த வார்த்தையை எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று தெரியாமல் இல்லை. செத்துப்போய்விட்டார் என்று அப்புறம் சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியானால் அவருடைய முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அதற்குப் பிறகு வங்கிக்கு, தண்ணீர் வரிக்கு, கார் காப்பீட்டுக்கு என்று சொல்லிச் சொல்லி இப்போது யார் பெயரையோ சொல்வது போல வருகிறது.

பிள்ளைகள் இரண்டு பேர். கவினுக்குப் பதினெட்டு, தாரணிக்குப் பதினைந்து. அப்பா போனபின் இரண்டு பேரும் எனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவரவர் தட்டை அவரவர் கழுவுகிறார்கள், அவரவர் அறைக்குப் போகிறார்கள். கதவுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சிரிப்புக் கேட்கும். நான் வந்தால் நின்றுவிடும். முன்பு சாக்ஸ் கிடந்தால் கத்துவேன், போனைப் பிடுங்குவேன். இப்போது எதையும் சொல்வதில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது.

4

மார்ச் மாத நீண்ட வார இறுதி விடுமுறையில் கவின் கராஜை ஒதுங்க வைக்கிறேன் என்று இறங்கினான். ஒரு மூலையில் பழைய வேட்டித் துண்டில் சுற்றி ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் அகலமான இரும்புச் சட்டி. தோசைக்கல்லுக்கும் வாணலிக்கும் நடுவான உருவம்.

"அம்மா, இது கோல்டு பேன். அப்பா வாங்கினது. என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க, ரிமெம்பர்?"

ஞாபகம் இருந்தது. இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் தங்கம் தேடி உலகமே வந்து குவிந்ததாம். இப்போதும் சில ஓடைகளில் குடும்பமாகப் போய் மண்ணை அரித்துப் பார்க்கலாம். கவின் ஆரம்பப் பள்ளியில் அதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து அடம்பிடித்தான். அவரும் சட்டியை வாங்கிவிட்டார். அப்புறம் ஓவர்டைம் வந்தது, தாரணிக்கு நீச்சல் வகுப்பு வந்தது, ஊருக்குப் போய் வந்தோம். அடுத்த லீவுக்குப் போவோம் என்று சொல்லிச் சொல்லிச் சட்டி மூலைக்குப் போய்விட்டது.

"நாளைக்குப் போகலாமா?" என்று கவின் கேட்டான். கேட்டுவிட்டு தாரணியைப் பார்த்தான். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டதுதான் என்று எனக்குத் தெரிந்தது. போகலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

மண்ணை அரிப்பதற்கும் அரசாங்கத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கவின் கம்ப்யூட்டரில் மூன்று பேருக்கும் வாங்கினான். பத்து வருடம் செல்லுமாம். பத்து வருடத்துக்கு நான் எங்கே போய் மண்ணை அரிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாதம் கிளறினேன். உருளைக்கிழங்கை வதக்கினேன். பிளாஸ்க்கில் வெந்நீர், டீத்தூள் பை, தனியாக ஒரு பாட்டிலில் பால், காகிதக் கப் மூன்று. கூடைக்குள் வைக்கும்போது நாலாவது கப்பையும் எடுத்துவிட்டேன். திரும்ப உறையிலேயே செருகினேன்.

5

கவின்தான் ஓட்டினான். லைசென்ஸ் எடுத்துச் சில மாதம்தான் ஆகிறது. புதிதாக ஓட்டுகிறவர் என்று காட்டும் சிவப்பு அட்டை காரில் ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த புல். அங்கங்கே ஆடுகள். மழை பார்த்துக் கிடக்கும் திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து நிலம் மாதிரியே இருக்கிறது என்று அவர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்வார். அவருடைய ஊர் அங்கேதான். புன்செய் மண்ணில் வளர்ந்தவர். வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பார். நான் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

ஓடை என்றால் பெரிய ஓடை இல்லை. நம் ஊர்க் கண்மாய்க் கலுங்கில் கடைசியாகக் கசிகிற தண்ணீர் அளவுக்குத்தான் ஓடியது. யூகலிப்டஸ் மரங்கள். கொஞ்சம் தள்ளி, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நாயோடு உட்கார்ந்து அரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஜோன் என்று பெயர் சொன்னார்.

கவின் வீடியோவில் பார்த்து வந்திருந்தான். கரையோரப் பாறை இடுக்கில் மண்ணைத் தோண்டிச் சட்டியில் போட்டு, தண்ணீரில் அமிழ்த்தி, சுழற்றிச் சுழற்றிச் சாய்க்க வேண்டும். மண்ணும் கல்லும் தண்ணீரோடு வழிந்து போகும். கடைசியில் அடியில் ஒரு பிடி கறுப்பு மணல் நிற்கும். தங்கம் இருந்தால் அதில்தான் இருக்கும். அவனுக்குக் கை வரவில்லை. சட்டியை நான் வாங்கினேன். இதில் கற்க என்ன இருக்கிறது, அரிசியில் கல் அரிப்பதுதானே. ஒரே வித்தியாசம், அங்கே மேலே போவதை எடுத்துக்கொண்டு அடியில் நிற்பதைக் கொட்டுவோம். இங்கே மேலே போவதைக் கொட்டிவிட்டு அடியில் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

"அம்மா, செம! நீ எக்ஸ்பர்ட் மாதிரி பண்ற!" என்றாள் தாரணி.

ஆனாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனை சட்டி மண் அரித்தோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கறுப்பு மணல்தான். ஜோன் பாட்டியோ அவ்வப்போது ஒரு சின்னக் குப்பியில் எதையோ விரலால் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஓடை, ஒரே மண். கவினுக்குப் பொறுக்கவில்லை. போய்க் கேட்டான். பாட்டி எழுந்து வந்து எங்கள் சட்டியை வாங்கித் தண்ணீரில் ஒரு சாய்ப்பு சாய்த்தார். தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் விரிந்தது. அதில் ஊசிமுனை அளவில் இரண்டு மஞ்சள் பொட்டு மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டி விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

"சட்டியில் எண்ணெய் இருக்கிறதே அம்மா," என்றார் ஜோன் ஆங்கிலத்தில். "எண்ணெய் பட்டால் தூள் தங்கம் மிதந்துவிடும். கட்டியாக இருந்தால் மூழ்கும். தூளைப் பூராவும் நீங்கள் ஓடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்."

நான் சட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவி மூக்கில் வைத்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய்.

6

அவர்கள் வீட்டில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு விளக்கெண்ணெய் பூசிவிட வேண்டும். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, கிணற்று உருளை எதுவும் தப்பாது. பூசி, பழைய வேட்டியில் சுற்றி மேலே செருகிவிடுவார்கள். இங்கே வந்தும் அவர் அதை விடவில்லை. புல்வெட்டும் யந்திரத்தின் தகடு, கத்தரிக்கோல், திருப்புளி என்று ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கராஜில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பூசுவார். எங்கள் மருந்துக்கடையில் விளக்கெண்ணெய் கட்டைவிரல் அளவு பாட்டிலில், பேதி மருந்து அலமாரியில் இருக்கும். அவர் ஒரே தடவையில் அத்தனை பாட்டிலையும் வாங்கியதைப் பார்த்து எங்கள் கடைப் பெண் என்னிடம் ரகசியமாக வந்து, உங்கள் வீட்டில் எல்லோரும் நலம்தானே என்று கேட்டாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அப்படித்தான் இந்தச் சட்டிக்கும் வருடம் தவறாமல் பூசியிருக்கிறார். துருப்பிடிக்கக் கூடாது, என்றைக்காவது பிள்ளைகளோடு போக வேண்டும் என்று. அவர் போன பிறகு வந்த ஆயுத பூஜைக்கு நாங்கள் யாரும் கராஜைத் திறக்கவில்லை.

"அப்பா!" என்று தாரணி தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாள். கவின் சிரிக்க ஆரம்பித்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜோன் பாட்டி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. விரலை முகர்ந்துகொண்டு நின்றேன்.

ஜோன் தம்மிடமிருந்த பாத்திரம் கழுவும் சோப்புக் குப்பியைக் கொடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள் என்றார். அதுவரைக்கும் பயன்படுத்த ஒரு பச்சைப் பிளாஸ்டிக் சட்டியும் இரவல் தந்தார். கவின் சோப்பை எடுத்தான்.

"இருக்கட்டும்டா. பெறகு கழுவிக்கலாம்," என்று சட்டியை வாங்கிக் கரையில் வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சாப்பிட்டோம். காகிதக் கப்பில் டீ குடித்தோம். அதற்குப் பிறகு நான் மட்டும் பச்சைச் சட்டியோடு தண்ணீரில் இறங்கிக் குனிந்தேன். கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் நேரம் போகும்.

"அம்மா, செயின் தண்ணில படுது பார். அறுந்து விழுந்துரும். குடு, நான் வச்சிருக்கேன்," என்று தாரணி கரையிலிருந்து கையை நீட்டினாள்.

பார்த்தேன். குனிந்ததில் தாலிச் செயின் சட்டைக்கு வெளியே தொங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈரக்கையால் கொக்கியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் குனிந்துவிட்டேன். ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுப்பது மாதிரிதான் கொடுத்தேன். மதினியின் ஞாபகம் வரவில்லை. ஒன்றும் உறைக்கவில்லை.

7

கொஞ்ச நேரம் கழித்து இடுப்பு வலிக்கிறதென்று நிமிர்ந்து திரும்பினேன். தாரணி பாறைமேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். தாலி அவள் கழுத்தில் கிடந்தது. டி-ஷர்ட்டுக்கு மேலே, நடுமாரில்.

"கழட்டுடி அதை!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பள்ளத்தூர்த் தெருவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிடும் குரல். ஜோனின் நாய் குரைத்தது. தாரணி கையிலிருந்த சிப்ஸ் பை விழுந்தது.

"தொலஞ்சிரக் கூடாதுன்னுதான்மா போட்டேன்! பாக்கெட் இல்லம்மா!"

"கழட்டுன்னு சொல்றேன்ல! அறிவிருக்கா ஒனக்கு? எது கழுத்துல ஏறலாம், எது ஏறக் கூடாதுன்னு தெரியாது? ஒண்ணும் தெரியாது! ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல நான், ஒண்ணுமே!"

அவள் அழுதுகொண்டே கொக்கியைத் தேடினாள். அது முடியில் சிக்கிக்கொண்டது. நான் கரையேறும்போது வழுக்கி முட்டிபோட்டு விழுந்து, அப்படியே தவழ்ந்து போய் அவள் பின்னால் உட்கார்ந்து கழற்றினேன். கழுத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கோபமாக இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு என்னவோ ஒன்றாக இருந்தது.

"அம்மா, நீ கத்திட்ட," என்றான் கவின். அவன் முகத்தில் பயம் இல்லை. தொலைத்த எதையோ பார்த்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். இது அப்பா எனக்குக் கட்டினது. கட்டினவுக போயிட்டா இதைக் கழட்டிறணும். கழட்டினதை இன்னொருத்தர் கழுத்துல போடக் கூடாது, அதுவும் கல்யாணம் ஆகாத பிள்ளை போடவே கூடாது. ஊருக்குப் போனதும் எல்லாரும் கூடிக் கழட்டுறதா இருந்துச்சு. அதுக்குள்ள நானே கழட்டிக் குடுத்துட்டேன்.

"திரும்பப் போட்டுக்கோ," என்றாள் தாரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"போடக் கூடாதுடி. கழட்டுனா கழட்டுனதுதான்."

"அப்ப என்ன செய்யணும்?" என்றான் கவின்.

"பால்ல போடணும்."

அவன் எழுந்து கூடையிலிருந்து பால் பாட்டிலைக் கொண்டுவந்தான். டீக்குப் போக மீதிப் பால் இருந்தது. பாத்திரம்தான் இல்லை. காகிதக் கப் மூன்றும் எச்சில். சாப்பாட்டு டப்பாவும் எச்சில். பச்சைச் சட்டி இரவல் சட்டி. எச்சில் படாமல், எங்களுடையதாக இருந்தது ஒன்றுதான். மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"அதுல அப்பா எண்ணெய் இருக்கேம்மா," என்றான் கவின்.

"இருக்கட்டும்."

சட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். தாரணி பாலை ஊற்றினாள். பாலின் மேல் எண்ணெய் கண் கண்ணாக மிதந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கவின் கேட்டான். ஊரில் ஒப்பாரி வைப்பார்கள். எனக்கு ஒரு வரியும் முழுதாகத் தெரியாது. ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். செயினை விரலிலிருந்து விட்டேன். அது மிதக்கவில்லை. நேராக அடிக்குப் போய்ச் சட்டியில் இடித்துச் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

ஜோன் பாட்டி தூரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்ன புரிந்ததோ.

8

வீட்டுக்கு வந்ததும் மதினி கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். எப்போதும் போல சாப்பாட்டைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"கழட்டியாச்சு மதினி."

"கழட்டியாச்சா? யாரு கழட்டுனா?"

"நான்தான்."

"கூட யாரு இருந்தா?"

"பிள்ளைக இருந்துச்சுக."

திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பாலை எங்குட்டு ஊத்துன? கால் படாத எடமா?"

"மரத்தடியில மதினி."

"செருப்பைக் கழட்டுனியா?"

"ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். மறந்துட்டேன்."

"ஏன்டி, அதைக்கூடவா மறப்பா ஒருத்தி? சரி விடு. பாத்திரம் சுத்தமானதா?"

"அவுக சட்டிதான் மதினி. துருப்பிடிக்காம வெளக்கெண்ணெ பூசி வச்சிருந்தாக. அதுலதான்."

"தம்பியா பூசுனான்?"

"ஆமா."

"வேட்டியில சுத்தி வச்சிருந்தானா?"

"ஆமா மதினி."

"எண்ணெ இன்னும் இருக்கா அதுல?"

"இருக்கு. தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது."

மதினி அழுதார். ஒப்பாரியில் அவரை மிஞ்ச எங்கள் பக்கம் ஆள் கிடையாது. பத்து வீடு தள்ளிக் கேட்கும். அன்றைக்கு அவர் அழுத சத்தம் பக்கத்தில் இருந்தால்கூடக் கேட்டிருக்காது. சின்னப்பிள்ளைக்கு விக்கல் எடுப்பது போல விட்டு விட்டு வந்தது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்போது எனக்கும் வந்தது. கொஞ்சம்தான். மரத்த கால் உயிர் வரும்போது முதலில் சுருக்கென்று குத்துமே, அந்த அளவுக்கு.

"இங்க பாரு," என்றார் மதினி கடைசியில். "பொம்பளைகளுக்கெல்லாம் நான் வேண்டாம்னு சொல்லிர்றேன். ஒன்னைய யாரும் நடுவுல உக்கார வைக்க மாட்டாக. எவளாச்சும் கேட்டா எங்கிட்ட வரட்டும். நீ பாட்டுக்கு வா, சாப்பிடு, தூங்கு."

"சரி மதினி."

"அந்தச் சட்டியக் கழுவிறாத."

"கழுவல. தொடைக்கத்தான் செஞ்சேன்."

"வரும்போது எடுத்துட்டு வா. நான் ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறேன்."

இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். விமான நிலையத்தில் சட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கவின் யோசித்துக்கொண்டிருக்கிறான். சாக்ஸைத் தரையில் போட்டதற்குக் காலையில் அவனைத் திட்டினேன். சட்டியை என் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். எண்ணெய் சேலையில் இறங்கிவிடும் என்று தாரணி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.